அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அருங்காட்சியகம்: பேருந்துக் காசை எந்த நிதித் தலைப்பில் கேட்பது?

வைகைக்கரை:
பரமக்குடிப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. மொத்தம் 160 பிள்ளைகள், அதில் 6, 7, 8 வகுப்புகளில் 90 பேர். பெரும்பாலும் விவசாயக் கூலி, செங்கல் சூளை, கரிமூட்டம் போடும் வீட்டுப் பிள்ளைகள். கீழடி அருங்காட்சியகத்துக்கு ஒரு வழி சுமார் 65 கி.மீ. வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பதில்லை என்பதில் பள்ளி மேலாண்மைக் குழு உறுதியாக இருக்கிறது. வசூலித்தால் வரவேண்டிய பிள்ளைகள்தான் அன்றைக்கு லீவு போடுவார்கள். இதற்கு எந்த அரசுப் பணத்தைக் கேட்கலாம்? யாரிடம், எப்போது? கணக்கு எப்படி முடிப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
முதலில் கிடைக்காத பணத்தைச் சொல்லிவிடுகிறேன், அலைச்சல் மிச்சம்.

எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, எம்.பி. நிதி 5 கோடி. இரண்டும் கட்டடம், சாலை, குடிநீர்த் தொட்டி மாதிரி நிலைத்து நிற்கும் சொத்துக்குத்தான். வாடகைப் பேருந்து சொத்து ஆகாது. மனு கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

பள்ளி மானியம். 101 முதல் 250 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000. அதில் 10 விழுக்காடாவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். மீதி மின்கட்டணம், பழுது, கற்பித்தல் பொருள். பயணச் செலவை இதில் எழுதினால் தணிக்கையில் அடிபடும்.

ஒன்றிய அரசின் அருங்காட்சியக மானியத் திட்டத்தைப் பலர் சொல்வார்கள். அது காட்சிக்கூடம் புதுப்பிக்க, சேமிப்பறை, எண்ணிமமாக்கல் இவற்றுக்கு. விண்ணப்பிப்பது அருங்காட்சியகம், பள்ளி அல்ல.

கேட்கக்கூடியது: ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் (சமக்ர சிக்ஷா) வரும் ராஷ்ட்ரிய ஆவிஷ்கார் அபியான். 2015 ஜூலை 9-இல் அப்துல் கலாம் தொடங்கிவைத்தது. மாணவர் களப்பயணம் இதில் உண்டு. ஆனால் இது அறிவியல், கணிதத்துக்கான தலைப்பு. 'தமிழர் பெருமையை அறிய' என்று கருத்துரு (நிதி கேட்கும் முன்மொழிவு) எழுதினால் திரும்பி வரும். கீழடியில் அறிவியல் இல்லாமலா? கருப்பு சிவப்புப் பானை ஏன் உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு (சூளையில் காற்று படுவதும் படாததும்), இரும்பு துருப்பிடிப்பது, கரிமக் காலக்கணிப்பு, உறைகிணற்றில் நீர்மட்டம். 8-ஆம் வகுப்பு அறிவியல் பாட எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பயணம் அதேதான், தலைப்புக்குள் உட்கார்ந்துவிடும்.

நேரம்தான் முக்கியம். ஆண்டுப் பணித்திட்டமும் வரவு செலவும் மாவட்டத்தில் தயாராவது டிசம்பர், ஜனவரியில். வட்டார வள மையம் (ஒன்றிய அளவிலான கல்வி அலுவலகம்) வழியாக அப்போதே உங்கள் கோரிக்கை உள்ளே போயிருக்க வேண்டும். ஜூனில் போய்க் கேட்டால் அடுத்த ஆண்டுக்குத்தான்.

ஏழு_பி:
கணக்குப்பிள்ளை சார் சொன்னதில் ஒன்று சேர்க்கணும். ஒப்புதல் வந்தாலும் பணம் வருவது பல நேரம் ஜனவரி கடைசி, பிப்ரவரி. மார்ச் 31-க்குள் செலவழிக்கணும். 2021-க்குப் பிறகு பள்ளிக் கணக்கில் பணம் நிற்பதில்லை. செலவு வரம்பு மட்டும்தான் காட்டும், ஆண்டு முடிந்தால் அந்த வரம்பும் போய்விடும். மாவட்டத்தில் எல்லாப் பள்ளியும் பிப்ரவரியில் ஒரே நேரத்தில் கிளம்பினால் பேருந்துக்காரர் சொன்னதுதான் வாடகை. உள்ளே போனால் பிள்ளைகள் பார்ப்பது முன்னால் நிற்கும் பிள்ளையின் முதுகை.

அதனால் பணம் வருவதற்கு முன்னாலேயே இவற்றை முடித்து வையுங்கள்:

மேலாண்மைக் குழுத் தீர்மானம், நாள் போடாமல் 'ஜனவரி–பிப்ரவரிக்குள்' என்று. முதன்மைக் கல்வி அலுவலர் அனுமதிக்கான கடிதம், வகுப்புவாரிப் பெயர்ப் பட்டியலோடு. பெற்றோர் ஒப்புதல் படிவம். கையெழுத்து வராத வீட்டுக்கு நேரில் போகணும், சூளையில் தங்கியிருப்பவர்களுக்கு ஒரு வாரம் கூடுதலாக வையுங்கள். மூன்று வாடகைக் கொட்டேஷன். பேருந்து உரிமையாளரின் வங்கிக் கணக்கு, பான் எண். ரொக்கம் கொடுக்க வழி கிடையாது, கணக்கு இல்லாத ஆளைப் பிடித்தால் கடைசி நாளில் மாட்டிக்கொள்வீர்கள்.

பக்கத்துத் தனியார் பள்ளி 'டீசல் போடுங்க, நம்ம வண்டியை எடுத்துக்கோங்க' என்று சொல்லும். வேண்டாம். அந்தப் பெர்மிட் அவர்கள் பிள்ளைகளை ஏற்றத்தான். விபத்து என்று வந்தால் காப்பீடு கை விரிக்கும், தலைமையாசிரியர் தனியாக நிற்பார். ஒப்பந்த ஊர்தி பெர்மிட் உள்ள வண்டி, இல்லையென்றால் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் வாடகைக்குக் கேளுங்கள். கிலோமீட்டர் கணக்கு, குறைந்தபட்ச தூரம், முன்பணம் எல்லாம் பணிமனையில் எழுத்தில் வாங்குங்கள்.

எறும்பு:
மன்னிக்கவும், அடிப்படையிலேயே ஒரு கேள்வி. 90 பிள்ளைகளுக்கு இரண்டு பேருந்து, ஒரு நாள். அந்தப் பணத்தில் ஊராட்சி ஒன்றியம் முழுக்கப் பள்ளி பள்ளியாகச் சுற்றுகிற மாதிரி, பிள்ளைகள் தொட்டுப் பார்க்க நகல் பொருள்கள் வைத்த அருங்காட்சியகப் பெட்டி இரண்டு மூன்று செய்யலாமே? ஆண்டுதோறும் பேருந்துக்காரருக்குக் கொடுப்பதில் என்ன மிஞ்சும்?

கணக்குப்பிள்ளை:
எறும்பு கேட்டதால் கணக்கையே போட்டுவிடலாம். வாடகை ஊருக்கு ஊர் மாறும். கீழே உள்ளது முறையைக் காட்ட மட்டும், உங்கள் எண்ணை வைத்துப் பாருங்கள்.

பேருந்து 2 × 12,000 = 24,000
சிற்றுண்டி, குடிநீர் (பிள்ளைகளும் உடன் வருபவர்களும்) 98 பேர் × 30 = 2,940
நுழைவு தலைக்கு 10 என்று வைத்தாலும் 90 × 10 = 900
விளக்குநர் 4 பேர் × 750 = 3,000
பணித்தாள், முதலுதவி, அடையாள அட்டை = 1,500
கூட்டல் 32,340. எதிர்பாராச் செலவு 5 விழுக்காடு 1,617. மொத்தம் 33,957. ஒரு பிள்ளைக்கு ஏறக்குறைய 377 ரூபாய்.

இதில் பேருந்து மட்டும் 100-க்கு 70. நுழைவுக் கட்டணம் 100-க்கு 3 கூட இல்லை. 'அரசுப் பள்ளி மாணவர்களுக்கு நுழைவு இலவசம்' என்று அறிவிப்பது எளிது, செலவும் கிடையாது. அந்த 3 ரூபாயைத் தள்ளுபடி செய்துவிட்டு 70 ரூபாயைப் பற்றிப் பேசாமல் இருந்தால், ஏற்கெனவே வரக்கூடிய நகரத்துப் பள்ளிதான் பயன்பெறும்.

கடல்கடந்தவன்:
இதே சிக்கல் அமெரிக்காவில் அச்சு அசலாக உண்டு. 2014-இல் தொடங்கிய 'எல்லாருக்கும் அருங்காட்சியகம்' என்ற ஏற்பாட்டில், உணவு உதவி அட்டையைக் காட்டினால் நான்கு பேர் வரை தலைக்கு 3 டாலருக்குள் நுழையலாம். ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்கள் சேர்ந்திருக்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தத் தள்ளுபடியைத் தாங்குவது அந்தந்த அருங்காட்சியகம். அரசு ஈடு கட்டுவதில்லை. கார் இல்லாத குடும்பத்துக்கு அங்கே போய்ச் சேர்வதே பாடு.

இதை முன்னெடுத்தது 1996 சட்டத்தில் உருவான அருங்காட்சியக, நூலகச் சேவை நிறுவனம். 2025 மார்ச்சில் அந்த நிறுவனத்தையே சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச அளவுக்குச் சுருக்கச் சொல்லி அதிபர் ஆணை வந்தது; வழக்குகளும் தொடர்ந்தன. கையில் ஒப்பந்தத்தோடு நின்ற சின்ன அருங்காட்சியகங்கள் நடுவழியில் தவித்தன. ஒரே மூலத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அது போதும்.

எறும்புக்கு ஒரு தரவு. ஆர்கன்சாவில் 2011-இல் திறந்த கிறிஸ்டல் பிரிட்ஜஸ் கலைக்கூடத்தில் பள்ளிப் பயணத்துக்கு நுழைவு மட்டுமின்றி, பேருந்து, மதிய உணவு, ஆசிரியர் இல்லாத வகுப்புக்கு மாற்று ஆள் என்று எல்லாச் செலவையும் ஓர் அறக்கொடை ஏற்றது. விண்ணப்பித்த பள்ளிகள் அதிகம், இடம் குறைவு. அதனால் குலுக்கல் போட்டார்கள். போன பள்ளி, காத்திருந்த பள்ளி என்று ஒப்பிட வசதியாகப் போய்விட்டது: 123 பள்ளிகள், 10,912 மாணவர்கள். ஒரே ஒரு பயணம். அதற்கே ஓவியத்தைக் கூர்ந்து பார்த்து எழுதுவதில் முன்னேற்றம் தெரிந்தது. கிராமப்புற, ஏழ்மை மிகுந்த பள்ளிப் பிள்ளைகளிடம் அது இன்னும் கூடுதல்.

எறும்பு:
அது அறக்கொடைப் பணம், அரசுப் பணம் அல்ல. கலைக்கூடம் வேறு, தொல்பொருள் வேறு. பெட்டி வேலை செய்யாது என்று அந்த ஆய்வு எங்கேயும் சொல்லவில்லையே?

கடல்கடந்தவன்:
சொல்லவில்லை, உண்மைதான். பயணத்தில் பலன் உண்டு என்பதற்கு மட்டும்தான் அது சான்று.

பாந்தியன்_சாலை:
பெட்டியா பேருந்தா என்று சண்டை வேண்டாம், இரண்டும் வேறு வேறு தலைப்பில் வாங்கக்கூடியவை. கணக்குப்பிள்ளை சொன்ன பள்ளி மானியத்தில் 'கற்பித்தல் பொருள்' இருக்கிறது அல்லவா? பெட்டி அதில் வரும். நாலைந்து பள்ளிகள் சேர்ந்து ஆளுக்கு ஒரு பங்கு போட்டால் ஒன்றியத்துக்கு இரண்டு பெட்டி.

உள்ளே அசல் எதுவும் வைக்கக் கூடாது. 1972 தொல்பொருள் சட்டம் இருக்கிறது. 'எங்க ஊர்க் காட்டுல கிடைச்ச பானை ஓடு' என்று ஆசிரியர் ஆர்வத்தில் சேர்த்து வைத்தால் சிக்கல் அவருக்குத்தான். நகல்கள் போதும். மானாமதுரைக் குயவர்களிடம் கருப்பு சிவப்புக் குவளை, தக்களி, சுடுமண் ஆட்டக்காய், வட்டச் சில்லு செய்து வாங்கலாம். மாதிரிப் படத்தோடு அளவும் எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் பூந்தொட்டிக் கடைப் பளபளப்போடு வரும். உடையும் பொருள் ஒவ்வொன்றிலும் மூன்று. தமிழி (தமிழ் பிராமி) எழுத்து கீறிய ஓடு இரண்டு, கூடவே பிள்ளைகள் தாங்களே கீறிப் பார்க்க வெறும் ஓடு 20. மணிகள் தனி டப்பாவில். மூடியின் உட்புறம் ஒவ்வொரு பொருளின் படமும் எண்ணும் ஒட்டுங்கள். திரும்பி வரும்போது எது காணோம் என்று ஒரு நிமிடத்தில் தெரியும். மொத்த எடை 10 கிலோவைத் தாண்டக் கூடாது, டவுன் பஸ்ஸில் ஒருவர் தூக்கிப் போகணும். பெட்டித் திட்டங்கள் படுத்துவிடுவது பெரும்பாலும் எடையால். வட்டார வள மையத்து அலமாரிக்கு மேலே ஏறி உட்கார்ந்துவிடும்.

ஆனால் எறும்பு, பெட்டியில் உறைகிணறு வராது. சுடுமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிணறு இறக்கியிருக்கிறார்கள் என்பதை, அந்த அளவில் பக்கத்தில் நின்று பார்க்கணும்.

பெட்டியை முதலில் அனுப்பி இரண்டு வாரம் கழித்துப் பயணம் வைத்தால் செலவழித்த காசுக்குப் பலன். வரிசை மாறினால் பெட்டி விளையாட்டுச் சாமான்.

இப்போது அங்கே நடத்துவது. 90 பேரை ஒரே நேரத்தில் உள்ளே விடாதீர்கள். 45 பேர் அருங்காட்சியகத்தில், 45 பேர் அகழாய்வு நடந்த இடத்தில்; இரண்டும் ஒரே வளாகம் இல்லை, பேருந்தில் ஏறி இறங்க 20 நிமிடம் ஒதுக்குங்கள். உள்ளே 45 பேரும் 15, 15 ஆகப் பிரிந்து மூன்று இடம், ஓர் இடத்துக்கு 20 நிமிடம். எல்லாக் கருப்பொருளையும் காட்டப் பார்த்தால் எதுவும் நிற்காது. பானை, நெசவு, எழுத்து போதும். பணித்தாளில் 'இது எந்த நூற்றாண்டு?' என்று கேட்டால் பலகையைப் பார்த்து எழுதிவிட்டு ஓடிவிடுவார்கள். 'இந்தப் பானையின் கழுத்து ஏன் குறுகல்? வரைந்து காட்டு' என்று கேளுங்கள், ஐந்து நிமிடம் அங்கேயே நிற்பார்கள். பேனா வேண்டாம், பென்சில் மட்டும்.

ஒரு நிர்வாக விஷயம். கீழடி மாநிலத் தொல்லியல் துறையினுடையது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகமும் பெரும்பாலான மாவட்ட அரசு அருங்காட்சியகங்களும் அருங்காட்சியகங்கள் துறையினுடையவை. கடிதம் தப்பான துறைக்குப் போவது அடிக்கடி நடக்கிறது. விடுமுறை நாளும் வேறு வேறு. எழும்பூருக்கு வெள்ளி விடுமுறை. பள்ளிகளோ வெள்ளிக்கிழமையைத்தான் பயணத்துக்குப் பிடிக்கும்.

ஏழு_பி:
சாப்பாட்டை யாரும் சொல்லவில்லை. சத்துணவு அன்றைக்கும் அந்தப் பிள்ளைகளுக்குரியதுதான். அமைப்பாளரிடம் ஒரு வாரம் முன்னால் பேசினால் புளியோதரை கட்டித் தருவார்கள். சாம்பார் சாதம் வேண்டாம், பிப்ரவரி வெயிலில் பேருந்துக்குள் நாலு மணி நேரம் தாங்காது. முட்டையைக் கிளம்புவதற்கு முன்னால் கொடுத்துவிடுங்கள். வருகைப் பதிவேட்டில் 'களப்பயணம், உணவு பொட்டலமாக' என்று எழுதணும்.

பெண் பிள்ளைகள் இருக்கும் பேருந்தில் ஆசிரியை கட்டாயம். வழியில் எந்தக் கழிப்பறையில் நிறுத்துவது என்பதை முதல் நாளே பார்த்து வைக்கணும், பெட்ரோல் பங்க் என்றால் தண்ணீர் வருகிறதா என்று கூட. இது சரியில்லாத பயணத்தில் பெரிய பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் மயங்கி விழுவார்கள்.

வைகைக்கரை:
நன்றி. இரண்டு சந்தேகம். ஒருங்கிணைந்த கல்விப் பணம் 2024-25-இல் வராமலே போனதே, மறுபடி அப்படி ஆனால்? விளக்குநருக்கு 750 என்று போட்டீர்கள், அருங்காட்சியகத்திலேயே ஆள் இருக்க மாட்டார்களா?

கணக்குப்பிள்ளை:
முதல் சந்தேகம் நியாயமானது. ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் 2,152 கோடி நின்றது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 60:40 பங்கில் ஒன்றிய அரசின் 60 வராவிட்டால் சம்பளம்தான் முதலில், களப்பயணம் கடைசி. எனவே இரண்டாவது கதவும் தட்டி வையுங்கள்.

ஒன்று, 2024-இல் மாநிலம் கொண்டுவந்த ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம். மக்கள்தொகைப் பங்குக்கு ஏற்ப நிதி ஒதுக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2011 கணக்கெடுப்புப்படி பட்டியல் சாதியினர் சுமார் 20 விழுக்காடு, பழங்குடியினர் 1.1. பழைய துணைத்திட்டக் காலத்திலிருந்தே உள்ள நோய் என்னவென்றால், பொதுச் செலவில் ஐந்தில் ஒரு பங்கை இந்தத் தலைப்பில் எழுதிக் கணக்குக் காட்டிவிடுவது. நேரடியாக யாருக்குப் போனது என்று சொல்ல முடியாது. ஆதிதிராவிடர் நல விடுதி மாணவரின் அருங்காட்சியகப் பயணம் என்றால் பெயர்ப் பட்டியலே பயனாளிப் பட்டியல். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரிடம் விடுதிவாரியாகக் கேளுங்கள். உங்கள் பள்ளிக்கு மட்டும் என்று கேட்காதீர்கள். பக்கத்து விடுதி இரண்டையும் சேர்த்துக் கேட்டால் கோப்பு நகரும்.

மற்றொன்று, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. 2013 கம்பெனிகள் சட்டம் ஏழாம் அட்டவணையில் கல்வியும் உண்டு, பண்பாட்டு மரபும் உண்டு. தொண்டு நிறுவனம் வழியாக வாங்கினால் அதற்கு சி.எஸ்.ஆர்-1 பதிவு (இந்த நிதியைப் பெற அரசிடம் செய்யும் பதிவு) இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஏப்ரலிலிருந்து அது இல்லாமல் கம்பெனி கொடுக்க முடியாது. பள்ளி நேரடியாக வாங்க மாநில அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழி இருக்கிறது. கம்பெனிக்காரர்களுக்குப் பெயர்ப்பலகை மாட்ட ஒரு சுவர் வேணும், பயணத்தில் சுவர் கிடையாது. அதனால் பெட்டியை அவர்களிடம் கேளுங்கள், பேருந்தை அரசிடம் கேளுங்கள். 'தொடர் திட்டம்' என்று எழுதினால் தொடங்கும் ஆண்டு போக மூன்று ஆண்டுவரை நீட்டலாம். ஒரே ஆண்டுக்கு வாங்குவது வீண்.

பாந்தியன்_சாலை:
இரண்டாவது கேள்விக்கு. அருங்காட்சியகப் பொறுப்பாளரான காப்பாட்சியர் இருப்பார். அவருக்குச் சேகரிப்புப் பதிவு, பாதுகாப்பு, கடிதப் போக்குவரத்து, பிரமுகர் வருகை என்று வேலை நிறைய. கட்டடம் கட்டப் பணம் ஒரு முறை வருகிறது. கீழடிக் கட்டடத்துக்குச் சுமார் 18 கோடி ஆனது, 2023 மார்ச் 5-இல் திறந்தார்கள். அதற்குள் நின்று பிள்ளைகளிடம் பேசும் ஆளுக்கு ஆண்டுதோறும் சம்பளம் வேண்டும், அது வேறு தலைப்பு. மூலதனச் செலவில் மிச்சமிருக்கும் பணத்தை விளக்குநருக்குத் திருப்பிவிட முடியாது. நுழைவுக் கட்டணமும் கருவூலத்துக்குப் போய்விடும். திறப்பு விழாவில் வரிசையாக நின்ற ஆட்கள் ஆறு மாதத்தில் காணாமல் போவது இதனால்தான், அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

நடைமுறையில்: பக்கத்துக் கல்லூரி வரலாறு, தொல்லியல் துறை முதுகலை மாணவர்கள் நால்வர். முதல் நாள் அரை நாள் பயிற்சி, அதே மூன்று இடங்களில் நின்று. மதிப்பூதியத்தைக் கட்டாயம் கொடுங்கள். 'சேவை' என்று அழைத்தால் நால்வரில் இருவர் வருவார்கள். பள்ளி ஆசிரியரே விளக்கினாலும் நல்லதுதான், ஆனால் அன்றைக்கு அவர் தலை எண்ணிக்கொண்டிருப்பார்.

எறும்பு:
சரி, பெட்டி முதலில், பயணம் பிறகு என்பதை ஒப்புக்கொள்கிறேன். திருநெல்வேலி மாவட்ட அறிவியல் மையத்தை யாரும் குறிப்பிடவில்லையே? அது 1987-இல் இருந்து தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் மன்றத்தின் கீழ் இருக்கிறது. அந்த மன்றத்தின் நடமாடும் கண்காட்சிப் பேருந்துகள் கொல்கத்தாவில் 1965-இல் தொடங்கிய வழக்கம். பேருந்தில் பிள்ளைகளை ஏற்றுவதற்குப் பதில், அருங்காட்சியகத்தையே ஏற்றிக் கொண்டுவருவது. நம்ம பக்கத்துப் பள்ளிகள் ஏன் கேட்பதில்லை?

கணக்குப்பிள்ளை:
ஒரு பள்ளி தனியாகக் கேட்டால் வருவது கடினம். ஐந்தாறு பள்ளிகள் சேர்ந்து, ஒரு வாரத்துக்கு வழித்தடம் போட்டு, முதன்மைக் கல்வி அலுவலர் கடிதத்தோடு கேட்கணும். பெரிய வண்டி திரும்ப இடம், மேடு பள்ளமில்லாத மைதானம், மின் இணைப்பு, உதவிக்கு ஆசிரியர் இருவர், வண்டிக்கு இராக்காவல். மழைக்காலத்தில் கரிசல் மண் மைதானத்தைக் காட்டாதீர்கள், சக்கரம் இறங்கிவிடும்.

வைகைக்கரை:
கடைசியாகக் கணக்கு முடிப்பு.

ஏழு_பி:
வண்டி கிளம்பும்போதும் திரும்பும்போதும் ஓட்டுநரின் டிரிப் ஷீட்டில் கிலோமீட்டர் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், மீட்டரைப் படமும் எடுங்கள். வாடகை பில்லில் வண்டி எண், தேதி, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம் நான்கும் இருக்கணும். வெறும் 'பேருந்து வாடகை 24,000' என்ற பில் திரும்பி வரும். இருப்பிடம் பதிந்த குழுப்படம் இரண்டு. நுழைவுச் சீட்டை ஒரு தாளில் ஒட்டிவிடுங்கள், அச்சு மங்குவதற்குள் நகல் எடுங்கள். விளக்குநர் பற்றுச்சீட்டில் அவர்கள் வங்கிக் கணக்கு எண். பயன்பாட்டுச் சான்றிதழில் ஒப்பளித்த தொகை, செலவழித்த தொகை, மீதி மூன்றும் ரூபாய் வரை பொருந்தணும். பெயர்ப் பட்டியலில் 90 இருந்து 83 பேர் வந்திருந்தால் 83 என்றே எழுதுங்கள். பேருந்து வாடகை மாறாது, சிற்றுண்டியும் நுழைவும் மட்டும் குறையும். வராத 7 பேரின் பெயர் தனியாக இருக்கட்டும், பெட்டி அடுத்த முறை வரும்போது முதலில் அவர்கள் கையில் கொடுக்க.

கணக்குப்பிள்ளை:
மீதித் தொகையைப் 'பிற செலவு' என்று எழுதி முடிக்கப் பார்க்காதீர்கள், வரம்பிலேயே விட்டுவிடுங்கள். கருத்துருவின் வரைவை இங்கேயே போடுங்கள் வைகைக்கரை, அறிவியல் பகுதியைப் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.